அபா

எங்கள் நொச்சிக்குப்பத்தில் பூகோளம் ரொம்பச் சுருக்கம். அடையாறு ஆற்றைத் தாண்டினால் வெளியூர். ஆந்திராவைத் தாண்டினால் ஃபாரின். அதனால் நானும் என் மனைவியும் ஒடிசாவிலிருந்து ஓர் அக்காவையும் தம்பியையும் தத்தெடுத்துக் கூட்டி வந்த அன்று, லூப் ரோடு முழுக்க ஒரே செய்திதான்: "கணக்கு எழுதறவன் வூட்டுக்கு ரெண்டு ஃபாரின் பசங்க வந்துகீது."

சாயங்காலத்துக்குள் ஹவுசிங் போர்டு மாடிப்படி நிரம்பிவிட்டது. எட்டிப் பார்த்தவர்கள் "நம்ம கலர்தான்" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடும் நிறைய நிம்மதியோடும் இறங்கிப் போனார்கள். போகும்போது ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் வைத்தார்கள். தமிழ் தெரியாத குழந்தைக்குத் தமிழைச் சத்தமாகச் சொன்னால் புரியும் என்பது குப்பத்தின் நம்பிக்கை. "உன் பேரு இன்னா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டது கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். பெண்ணுக்கு ஆறு வயது. பையனுக்கு நாலு. அவன் அக்காவின் கவுனுக்குப் பின்னால் போய்விட்டான்.

இதற்கு முந்தைய கதை நீளம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காரா என்று எல்லோரும் சொல்கிற மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் தளத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். அவர்கள் கணவன் மனைவி வயதைக் கூட்டிப் பார்க்கிறார்கள். நாலிலிருந்து எட்டு வயதுக் குழந்தை வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டக்கூடாது. எங்களுக்கு 79. நாற்பது வருடமாக மீன் விற்கும் என் அம்மா இதைக் கேட்டு, "வயசக்கூட கூறு கட்டித்தான் பாக்கறாங்களா?" என்றாள்.

வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வந்தார். அவர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொன்னார்கள். "இவனா? தண்ணி அடிக்க மாட்டான் மேடம். வாங்கின கடனத் திருப்பித் தர்றதுதான் கொஞ்சம் லேட்டு." அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். அது எந்தப் பாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு ராத்திரி பத்தரைக்கு போனில் படம் வந்தது. அக்கா கேமராவைப் பார்க்கவில்லை. தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 48 மணி நேரத்துக்குள் ரிசர்வ் செய்ய வேண்டும் என்பது விதி. "நாளைக்கு ராகு காலம் கழிச்சு அமுக்குடா" என்றாள் அம்மா. சிக்னல் தேடி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, அடுத்த நாள் ராகு காலம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி போனைப் பிடுங்கி அமுக்கிவிட்டாள். முன்பெல்லாம் இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே உத்தரவு போடுகிறார். அது இனிமேல்தான் வர வேண்டும். குழந்தைகள் முதலிலேயே கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்துவிட்டார்கள்.

முதல் குழப்பம் அம்மாவால் வந்தது. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா நெஞ்சில் தட்டிக்கொண்டு, "நான்தான் ஆயா" என்றாள். பெண்ணின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "ஆயா!" என்றாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். "பாத்தியா, ரத்த பாசம்" என்று சொல்லப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பெண் உடனே காரியத்தில் இறங்கினாள். தன் அழுக்குக் கவுனை மடித்து அம்மா கையில் கொடுத்தாள். தம்பியின் மூக்கைக் காட்டி, துடைக்கச் சொல்லிச் சைகை செய்தாள். அம்மா சிட்டாகப் பறந்து எல்லாவற்றையும் செய்தாள். ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பெண் அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து, வாசல்படியில் ஜோடியாக, தெருவைப் பார்த்த மாதிரி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் எட்டு மணிக்குச் செருப்பு வாசலுக்கு வந்தது.

அந்த ராத்திரிகள் என் வாழ்க்கையின் பொற்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1977-இல் திறந்த கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் எங்கள் ஜன்னலைத் தடவிவிட்டுப் போகும். நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. யாரோ டார்ச் அடித்துத் தன்னைத் தேடுகிறார்கள் என்று பையன் பயந்துவிட்டான். ஒவ்வொரு தடவை வெளிச்சம் வந்தபோதும் இருட்டுக்குள்ளிருந்து, "அப்பா!" நான் துள்ளி எழுந்து, "இன்னா கண்ணு, அப்பா இங்கதான் கீறேன்" என்பேன். மறுபடி வெளிச்சம், மறுபடி "அப்பா!" வந்த முதல் ராத்திரியே அப்பா! விடிய விடியத் தூங்காமல் பதில் சொன்னேன். காலையில் மயிலாப்பூர் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி லட்டு கொடுத்தேன். மனைவியை அவன் இன்னும் எதுவும் கூப்பிடவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. மறைப்பானேன்.

மூன்றாம் நாள் அவனை மீன் சந்தைக்குத் தூக்கிப் போனேன். ரோட்டோரம் கடை போட்டிருந்தவர்கள் எல்லாம் 2024 ஆகஸ்டில் திறந்த புதுச் சந்தைக்குள் போய்விட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் கூரைக்குக் கீழே வியாபாரம் பண்ணுவது இன்னும் கூச்சம். பையன் வஞ்சிரத்தைப் பார்த்தான், சங்கராவைப் பார்த்தான், கண்கள் விரிய "மாச்ச! மாச்ச!" என்று கத்தினான். வலை இழுத்துவிட்டு வந்த இளவட்டங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "டேய், நம்மள மச்சான்றான்டா! மூணே நாள்ல மெட்ராஸ்காரன் ஆயிட்டான்டா!" தோளுக்குத் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

இத்தனை பெருமைகளையும் ஒரே சாயங்காலத்தில் உடைத்தவர் ஒரு வெல்டர். லைட் ஹவுஸ் மெட்ரோ வேலைக்கு வந்த ஒடியாக்காரர். அம்மாவிடம் வாராவாரம் கருவாடு வாங்குகிறவர். மொழிபெயர்க்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். டீயை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். மாச்ச என்றால் ஒடியாவில் மீன். சரி, இளவட்டங்களுக்கு அது தெரிய வேண்டாம். ஆயா என்றால், குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்கு வைத்திருக்கும் பெண்; நாடு முழுக்க அதே பெயர்தான். பகலில் ஓர் ஆயா, ராத்திரி வேறோர் ஆயா. எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அதனால்தான் செருப்பு.

"அப்ப 'அப்பா'?" என்றேன்.

"அப்பா இல்ல சார், அபா" என்றார். "அபான்னா அக்கா."

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். விடிய விடிய அவன் அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஓர் ஆள் குறுக்கே எழுந்து கத்தியிருக்கிறான். அந்தச் சின்னப் பெண் அவனுக்கும் வெளிச்சத்துக்கும் எனக்கும் சேர்த்துக் காவல் இருந்திருக்கிறாள். கொடுத்த லட்டைத் திருப்பிக் கேட்க முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் கண்ட தோல்வியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இட்லி, தோசை, நூடுல்ஸ், வஞ்சிர வறுவல் எல்லாம் தட்டில் அப்படியே இருந்தன. ஐந்தாம் நாள் காலை அம்மா சந்தைக்குப் போகும் அவசரத்தில், மூலையில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ளச் சுட்ட நெத்திலிக் கருவாடும் சின்ன வெங்காயமும். பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். "பகால" என்றாள். கருவாட்டைத் தொட்டு, "சுகுவா" என்றாள். பிறகு அம்மாவைக் கேட்காமலே உட்கார்ந்து, தம்பிக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று கிண்ணத்தைக் காலி செய்தாள். ஒடிசாவில் பழைய சோற்றுக்குப் பகால என்று பெயராம். மார்ச் 20-ஐப் பகால தினமாகவே கொண்டாடுகிறார்களாம். நாம் பழைய சோற்றை விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கிறோம். அம்மா அன்றைக்குச் சந்தைக்குப் பட்டினியாகப் போனாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லை.

கடல் அவர்களுக்குப் புதிது. மகாநதிக் கரையில் வளர்ந்தவர்கள். பையன் வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். "அந்தாண்டக் கரை எங்கேன்னு கேக்கறான்" என்றார் வெல்டர். ஃபைபர் படகில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "அந்தமான்ல கீது. ஒரு 1,200 கிலோமீட்டர் இருக்கும்" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார். பையன் அந்தமானுக்குக் கையாட்டினான். பங்குனி ஆமைகள் நம் கரையில் ஒன்றிரண்டாக ஏறி முட்டையிடும். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஏறும் என்று நான் சொன்னேன். "அப்ப நம்ம ஆமைக்குச் சொந்தக்கார ஊரு" என்று அம்மா தீர்ப்பு சொன்னாள். அதற்குப் பிறகு குப்பத்தில் ஃபாரின் என்ற பேச்சு குறைந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி செருப்பு வாசலுக்கு வரவில்லை. அம்மா எட்டேகாலுக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

என்னைப் பையன் இன்னும் ஒன்றும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் லுங்கியைப் பிடித்து இழுக்கிறான். நான் லுங்கிக்கு மேல் பெல்ட் போட ஆரம்பித்திருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், எட்டு மணிக்குள். சத்தமாகப் பேச வேண்டாம், அந்தப் பெண்ணுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. பிஸ்கட் வேண்டாம், வீட்டில் நாற்பத்தொரு பாக்கெட் இருக்கிறது. நெத்திலிக் கருவாடு இருந்தால் கொண்டு வாருங்கள்.