முறுக்கு சாண்ட்விச்சும் முன்சாய்வுக் கோட்பாடும்

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதை வைத்தாலும் அது சாண்ட்விச் என்பது உலகம் ஒப்புக்கொண்ட இலக்கணம். அந்த ரொட்டியையே பதவிநீக்கம் செய்துவிட்டு, உடம்பெல்லாம் ஓட்டையான முறுக்கை அங்கே அமர்த்தியது சென்னை சவுகார்பேட்டை. அறிஞர் பெருமக்கள் இதை இன்னும் கண்டுகொள்ளாததால், அப்பணியை இக்கட்டுரை தன் தலையில் போட்டுக்கொள்கிறது.

ஆய்வுக்களம் தங்கசாலைத் தெரு; ஆட்டோக்காரரிடம் மின்ட் ஸ்ட்ரீட் என்று சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கும்பெனியின் நாணயச்சாலை இருந்த தெரு. காசு அடிப்பது 19ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டது, செலவழிப்பது நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, மொத்த ஜவுளிக்கு கோடவுன் தெரு, நகைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை எனத் தெருவுக்கொரு வியாபாரம். ஆகவே பெண்ணைப் பெற்றவர் அத்தனை தெருவையும் நடந்தே தீர வேண்டும். இங்கே பசி வயிற்றில் பிறப்பதில்லை, நகரமைப்பில் பிறக்கிறது என்பது நமது முதல் துணிபு.

இனி ஆய்வுப்பொருள். உள்ளங்கையில் அடங்கும் சின்ன முறுக்கு. அதன்மேல் கொத்தமல்லிச் சட்னி. வெள்ளரி, தக்காளி, வெங்காயம் வில்லை வில்லையாக. சாட் மசாலா ஒரு தூவல். மூடியாக இன்னொரு முறுக்கு. “பையா, காரம் கம்மியா” என்றால் கடைக்காரர் தலையாட்டுவார், கை கேட்காது. சீஸ் கேட்டால் மலைபோல் துருவிவிடுவார். பிறகு உள்ளே முறுக்கு இருப்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்க வேண்டும்.

பிரச்சினை கடிக்கும்போது தொடங்குகிறது. ரொட்டி கடித்த இடத்தில் அறும். முறுக்கு தனக்குத் தோன்றிய இடத்தில் உடையும். தக்காளி பின்வாசல் வழியாகக் கிளம்பும், சட்னி ஓட்டை வழியே இறங்கும். ஆற அமரச் சாப்பிடலாம் என்றால் முறுக்கு நமத்துப்போகும், தவிர அமர இடமும் கிடையாது. எனவே உண்பவர் கால்களை அகட்டி, இடுப்பை வளைத்து, கழுத்தைச் சட்டையின் எல்லைக்கு அப்பால் நீட்டுகிறார். இதுவே முன்சாய்வு. நகைக்கடை முதலாளியும் மூட்டை இறக்க வந்தவரும் இதே கோணத்தில்தான் குனிகிறார்கள். வேறெந்தப் பண்டமும் முதலாளிகளை இவ்வளவு எளிதாகக் குனிய வைத்ததாகத் தெரியவில்லை.

முழுசாக வாயில் திணித்தால் சிக்கலே இல்லையே என்போர் ஒரு சாரார். அவர்களால் சற்று நேரம் பேச முடியாததால் அவ்வாதம் தானே அடங்கிவிடுகிறது. ஸ்பூன் கேட்போரை ஆய்வுலகம் பொருட்படுத்துவதில்லை.

பானம் பற்றியும் ஒரு சொல். இத்தெருவில் மயக்கம் தருவது லஸ்ஸிதான். காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபியும் லஸ்ஸியும் அடுத்தடுத்து உள்ளே போனால், அதற்குமேல் நகை பேரம் பேசத் தெம்பிருக்காது. சொன்ன விலைக்கு வாங்கிவிடும் அபாயம் உண்டு.

கள ஆய்வுக்குக் கிளம்புவோர் அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கவும்: மொத்த வியாபாரக் கடைகள் பலவும் அன்று அடைத்திருக்கும், நடக்காமல் பசி வராது.