எலிவேஷனியல்

பல்லி விழுவதற்கும் தும்முவதற்கும் பலன் எழுதி வைத்திருக்கும் நாட்டில், கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் காட்டும் படத்துக்கு இன்னும் ஒருவரும் இலக்கணம் எழுதவில்லை. காலி மனை எதுவானாலும் தகரத் தடுப்பில் முதலில் ஏறுவது 'த்ரீடி எலிவேஷன்' என்னும் இந்தப் படம்தான். கடை, வங்கி, அலுவலகம், லாட்ஜ் என்று வணிகத்துக்காக எழும் கட்டடங்களின் வெளித்தோற்றப் படம் மட்டுமே இங்கே ஆராயப்படும். குடியிருப்புப் படங்களில் ஊஞ்சலும் பாட்டியும் வருவதால் அவை வேறு இனம். வகைப்படுத்த முதல், கரு, உரி என்ற பழைய மூன்று பெட்டிகளே போதும். வணிகக் கட்டடப் படத்தில் வணிகம் எந்தப் பெட்டியிலும் அகப்படாது என்பது இந்த இயலின் முடிபு. அதை ஒளித்து வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் மரபு சிறியதல்ல. நிழலும் தூரமும் காட்டி மயக்குவது ஓவியன் வேலை, கட்டுபவன் அளவு பிசகாத கோட்டையும் மாதிரியையும் நம்ப வேண்டும் என்ற கருத்தை இத்தாலியின் ஆல்பெர்ட்டி 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜான் சோன் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்து உருவாக்கிய இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தை, அவருக்காக வரைந்துவந்த ஜோசப் காண்டி 1830இல் கூரை பெயர்ந்த இடிபாடுபோல மேலிருந்து வரைந்து காட்டினார். அது நடந்து நூறு ஆண்டு நிறைவதற்குள், புது தில்லிச் செயலகங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர் மறுகட்டுமானம் என்று வந்து சோன் கட்டியதில் பெரும்பகுதியை இடித்துவிட்டார். வணிகக் கட்டடப் படங்களில் காட்டியபடி நடந்தது அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். நியூயார்க்கில் 1916இல் வந்த மண்டல விதி, கட்டடம் உயர உயரப் பின்வாங்க வேண்டும் என்றது. அந்த வறட்டு விதியை 1922இல் கரித்தூளால் மலைபோன்ற கோபுரங்களாக்கிக் காட்டினார் ஹ்யூ ஃபெரிஸ். பிறகு 1986இல் ஜேம்ஸ் கஜியா, ஒரு பரப்பின் மேல் விழுந்து தெறிக்கும் ஒளியை ஒரே சமன்பாட்டில் அடக்கினார். இன்று வி-ரே போன்ற மென்பொருள்கள் விடிய விடியப் போடும் கணக்குக்கு அதுவே மூல சூத்திரம். ஃபேன் இரைச்சலோடு அறையைச் சூடாக்கிக்கொண்டு அந்தக் கணக்கை முடிப்பது கணினியின் பாடு. பக்கத்திலேயே தூங்குவது வரைபவரின் பாடு.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலத்தில் முதல் சிக்கல், நிற்க இடம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஆறு மாடி ஜவுளிக் கடையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்துகொண்டே போய் எதிர்க் கடையின் கல்லாவுக்குள் நுழைய வேண்டிவரும். மென்பொருளில் அந்தத் தொல்லை இல்லை. எதிர்ச் சாரியை அழித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் கேமராவை நிறுத்தி, அகலக் கோண லென்ஸ் போட்டால் முப்பது அடித் தெரு நூறு அடிச் சாலையாகிவிடும். செங்குத்துக் கோடுகள் சாயாதபடி நிமிர்த்தியும் கொள்ளலாம். இதை 'ஆள் பார்வை' என்பார்கள். அந்த ஆள் யார் வீட்டுச் சுவருக்குள் நிற்கிறார் என்பது இலக்கணத்தில் கேட்கக் கூடாத கேள்வி. பருந்துப் பார்வை இன்னொன்று. அதில் மொட்டை மாடி தெரியும். ஆனால் தண்ணீர்த் தொட்டி தெரியாது.

அடுத்தது பக்கத்துக் கட்டடம். இதை நடத்தும் முறை மூன்று. 1921இல் பெர்லின் ஃப்ரீட்ரிக் தெருவுக்காக மீஸ் வான் டெர் ரோ வரைந்த கண்ணாடி அலுவலகக் கோபுரத்தில், அக்கம்பக்கம் கரியால் இருண்டு கிடக்க, கோபுரம் மட்டும் ஒளிரும். கோபுரம் கட்டப்படவே இல்லை. இருட்டடிக்கும் முறை மட்டும் தங்கிவிட்டது. இரண்டாவது முறையில் அண்டைக் கட்டடங்கள் வெள்ளைப் பெட்டிகளாகி மூடுபனியில் கரையும். மூன்றாவது நம்மூர் முறை: பக்கத்து மனையில் புல் முளைத்திருக்கும். நிஜத்தில் அங்கே வெல்டிங் பட்டறை இருக்கும்.

பொழுதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்சுமமே அங்கேதான். சிறுபொழுது ஆறு என்று பழையவர்கள் வகுத்தார்கள். எலிவேஷனில் செல்வது ஒன்றே: சூரியன் விழுந்தும் இருட்டு வராத நேரம், தொழிலில் 'டஸ்க் ஷாட்'. காரணம் கவித்துவம் அல்ல, கண்ணாடி. நண்பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் முகப்புக் கண்ணாடி வானத்தையும் எதிர்க் கட்டடத்தையும் காட்டும், உள்ளே ஒன்றும் தெரியாது. இரவில் உள்விளக்கு மட்டும் தெரியும், கட்டடத்தின் உருவம் கரைந்துவிடும். இரண்டு வெளிச்சமும் சமமாகிற அந்தச் சிறு இடைவெளியில்தான் கண்ணாடி, சுவர், விளக்கு, வானம் நான்கும் ஒருசேரத் தெரியும். சென்னையில் அந்தி இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆக, மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கட்டடம் எப்படி இருக்கும் என்பதைப் படம் சொல்லாது.

விதிவிலக்காக வரும் வெயில் படங்களில் வேறு அதிசயம். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும்; ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான் உச்சிக்கு வடக்கே நகரும். ஆனால் வடக்குப் பார்த்த கடைகளின் படங்களில் மார்கழியானாலும் சூரியன் நேர் வடக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். வாஸ்துப்படி வடக்கு குபேரன் திசை என்பதால் அனுமதிக்கலாம். பெரும்பொழுதில் கார் மட்டுமே வழங்கும், அதுவும் மழை விட்ட மறு நிமிடம். ஈரத் தார்ச்சாலையில் முகப்பு தலைகீழாக மின்னும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரின் படத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட நிற்பதில்லை.

இனிக் கருப்பொருள். தெய்வம்: படத்தில் இல்லை. கட்டடத்திலோ, பூமி பூஜைக்கு அடுத்த நாளிலிருந்தே சாரத்தில் திருஷ்டிப் பூசணி தொங்கும், ஈசானிய மூலையில் பிள்ளையார் அமர்ந்துவிடுவார். மரம்: வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் நிற்கும் சாலையில் மேப்பிளும் பிர்ச்சும் நிற்கும், ஏனென்றால் முப்பரிமாண மரங்கள் ஐரோப்பிய நூலகங்களிலிருந்து இறக்கப்படுபவை. விலங்கு: கயிற்றில் பிடித்த நாய் ஒன்று. கயிறில்லா நாய் இலக்கண வழு. புள்: வலது மேல் மூலையில் ஐந்தாறு பறவைகள், மின்கம்பி இல்லாததால் அவை உட்காருவதில்லை. மக்கள்: மே மாத ஈரோட்டில் கோட்டு அணிந்து, கைபேசியில் பேசியபடி, நிழல் வேறு திசையில் விழ நடப்பவர்கள். வண்டி: சிவப்பு நிறத்தில் இரண்டு கதவுக் கார். ஆட்டோ இல்லை, டவுன் பஸ் இல்லை, கட்டடத்துக்கு உண்மையில் வரப்போகிற நூற்றுக்கணக்கான டூவீலரில் ஒன்றுகூட இல்லை.

இல்லாதவற்றின் பட்டியல் இதைவிடச் சுவையானது. ஏசி அவுட்டோர் யூனிட், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், ஈபி மீட்டர்ப் பெட்டி, வடிகுழாய், ஷட்டர், அந்த ஷட்டர் ஓரம் இளநீர்க்காரர். எல்லாவற்றுக்கும் மேல், பெயர்ப்பலகை. கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. படத்திலோ 'கஃபே', 'ஃபேஷன்' என்று ஆங்கில எழுத்தில், ஒரே உயரத்தில், ஒரே வெண்மையில், பணிவான சிறு பலகைகள். நகைக் கடைக்காரர் ஒருவர் வாடகைக்கு வந்த மறு வாரம் இரண்டு மாடிக் கண்ணாடியையும் மூடி நடிகையின் முகத்தை ஏற்றுவார். வாடகை தரும் அந்த மனிதரையும் அவருடைய பலகையையும் கழித்துவிட்டுத்தான் படம் அழகாகிறது.

உரிப்பொருள் ஐந்தில் ஊடல்தான் மிகுதி. வாட்ஸாப்பில் நிகழ்வது:

"தம்பி, சூப்பரா இருக்கு. அந்த மரத்த மட்டும் கொஞ்சம் நகத்துங்க, போர்ட மறைக்குது."

"அண்ணே, அது கார்ப்பரேஷன் மரம். நெஜமாவே அங்கதான் நிக்குது."

"படத்துலதான தம்பி சொல்றேன்."

படத்தில் நகர்ந்த மரம், பல ஊர்களில் பிறகு தரையிலும் நகர்ந்திருக்கிறது.

பின் ஊடல் முகப்பில் ஏசிபி ஷீட் என்னும் தகட்டை ஒட்டும்போது வரும். "படத்துல இருந்த ப்ரவுன் எங்க?" என்பார் உரிமையாளர். கான்ட்ராக்டர் ஷேட் கார்டை விரித்து, படத்தின் பிரிண்டை மேலே வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவார், எதுவும் சேராது. உரிமையாளர் தேர்ந்தெடுத்தது சாம்பல்தான். வரைந்தவர் போட்ட அந்தி வானத்தின் ஆரஞ்சு, சாம்பல் தகட்டில் விழுந்து ப்ரவுனாகித் தெரிந்திருக்கிறது. அந்த நிறத்தை வானம் மாலையில் மட்டும் தரும், டீலர் தரமாட்டார்.

இருத்தல் என்னும் உரி, வங்கிக் கடன் நின்றுபோன மனைகளுக்கு உரியது. ஃப்ளெக்ஸ் வெளுத்து முதலில் சிவப்புக் காரும், பிறகு வானமும் போகும். இரங்கல், முன்பணம் கொடுத்துக் கடை வாங்கியவருக்கு. அவருக்கு மட்டும் சட்டத்தில் ஒரு சூத்திரம் உண்டு: 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 12ஆம் பிரிவு. விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும். விலக நினைத்தால் வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டும். கடையும் ஷோரூமும் இதில் அடங்கும். வாடகைக்கு வருபவர் அடங்கமாட்டார். இதற்கு முன்னேற்பாடாகத்தான் படத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'ஓவியரின் கற்பனை' என்ற உரை எழுதப்படுகிறது. நூலுக்கு உரை நூலை மறுப்பது இந்தத் துறையில் மட்டும் மரபு.

புறனடை: சுற்றிச் சுற்றிக் காட்டும் வாக்த்ரூ வீடியோக்கள், பியானோ இசை உள்பட, மேற்சொன்ன விதிகளுக்கே கட்டுப்படும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நிமிடத்தில் வாங்கும் படங்களை இந்த இயலில் சேர்க்கவில்லை. அவற்றில் ஒரே வளாகம் தெற்கிலிருந்து பார்த்தால் ஆறு மாடி, கிழக்கிலிருந்து பார்த்தால் ஏழு மாடி. உரிமையாளர்கள் ஏழு மாடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்; நகரமைப்பு அலுவலகத்தில் பிளான் ஆறு மாடிக்குத்தான் போயிருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டு வரட்டும், வகை சொல்லலாம்.