கேமரா ஸ்டாண்டில், கிளிக் கையில்!

ஆண்டவன் ஆள்காட்டி விரல் கொடுத்திருக்கும்போது ரிமோட் ஷட்டர் எதற்கு?
– கல்யாண போட்டோகிராஃபர், தருமபுரி

விரல்தான் வில்லன். ஸ்டாண்டில் கல்லு மாதிரி நிற்கும் கேமராகூட, பட்டனை அழுத்தும்போது லேசாக அதிரும். 1/500 விநாடியில் எடுத்தால் அது தெரியாது. அரை விநாடி ஷட்டர் திறந்திருந்தால் மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு. டி.எஸ்.எல்.ஆர். என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி துள்ளுவதும் ஓர் அதிர்வுதான். ‘மிரர் லாக்-அப்’ இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்ஃப் டைமர் இருக்கே, அது போதாதா?
– வாசகர், பாலக்கோடு

மலைக்கும் கோபுரத்துக்கும் தாராளமாகப் போதும். 2 விநாடி டைமர் என்பது காசில்லாமல் கிடைத்த ரிமோட். குடும்பப் படத்தில்தான் வம்பு. 10 விநாடிக்குள் தாத்தா கண்ணை மூடுவார், பேரன் எழுந்து ஓடுவான். எல்லாரும் ஒழுங்காக நிற்கும் அந்த ஒரு நொடி எதுவென்று டைமருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்க?
– கல்லூரி மாணவி, அரூர்

முதலில் உங்கள் கேமரா எதற்குக் காது கொடுக்கும் என்று பாருங்கள். அகச்சிவப்பு ரிமோட் விலை குறைவு. ஆனால் நேர்க்கோட்டில், சுமார் 5 மீட்டருக்குள் நின்று அழுத்த வேண்டும். கேனான் பிஆர்-இ1 போன்ற புளூடூத் ரிமோட்டுக்கு நேர்க்கோடு தேவையில்லை. ரேடியோ ரிமோட் வெகுதூரம் எட்டும். ஆனால் அதன் ரிசீவரைக் கேமராவில் ஒயரால் இணைக்க வேண்டும், அந்த ஒயர் முனை உங்கள் மாடலுக்குப் பொருந்த வேண்டும். நிக்கான் டி3400 அகச்சிவப்பு ரிமோட்டுக்கு இணங்கும். அதன் தம்பி டி3500 இணங்காது, செல்போன் செயலி வழியாகத்தான் கிளிக். தம்பிகள் எல்லாம் அண்ணன் மாதிரி இருப்பதில்லை.

வெயிலில் அகச்சிவப்பு ரிமோட் வேலை செய்ய மறுக்கிறதே?
– வாசகர், காரிமங்கலம்

காரிமங்கலத்து மத்தியான வெயிலில் நமக்கே வேலை ஓடாது! சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடப்பதால் ரிமோட்டின் குரல் அமுங்கிப்போகிறது. வாங்கும் கண் பல கேமராக்களில் முன்பக்கம் இருக்கும். அதற்குக் குடையோ கையோ நிழல் தரட்டும், நீங்கள் முன்னால் வந்து அழுத்துங்கள். இன்னொன்று: டி.எஸ்.எல்.ஆரில் நீங்கள் கண் வைக்காத வியூஃபைண்டர் வழியாக வெளிச்சம் புகுந்து மீட்டரை ஏமாற்றும், படம் இருண்டுவிடும். அதை மூடிவிடுங்கள்.

ஒகேனக்கல் அருவியைப் பால் மாதிரி எடுக்க ஆசை. பரிசலில் ஸ்டாண்டு போட்டு ரிமோட்டால் எடுக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

எடுக்கலாம். அருவி பாலாகும், பாறை மோராகும். பரிசலே ஆடும்போது ரிமோட் என்ன செய்யும்? தொங்கு பாலமும் வேண்டாம், ஆள் நடந்தாலே அதிரும். சாரல் படாத, பாதுகாப்பான கெட்டித் தரையில் ஸ்டாண்டை ஊன்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் அரை விநாடி முதல் 2 விநாடி வரை. பகலில் படம் வெளுத்தால் லென்ஸுக்கு என்.டி. ஃபில்டர் என்னும் கூலிங் கிளாஸ் மாட்டுங்கள். ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றுங்கள், லென்ஸின் ஸ்டெபிலைசரை அணையுங்கள். காவிரியில் வெள்ளம் வந்து தடை போட்டிருந்தால் ஆசையையும் அணைத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து நடுகல்லில் எழுத்து இருக்கிறது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிமோட் உதவுமா?
– வரலாற்று ஆசிரியர், பாப்பாரப்பட்டி

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. நடுகற்களுக்குப் பேர்போன மாவட்டம் உங்களுடையது. பழைய நடுகற்களில் இருப்பது வட்டெழுத்து, அதுவும் தேய்ந்து போனது. நேராக ஃபிளாஷ் அடித்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகி எழுத்து மறைந்துவிடும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் கேமராவைக் கல்லுக்கு நேரே ஸ்டாண்டில் வையுங்கள். வலுவான டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லை ஒட்டிப் பிடியுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். டார்ச்சோடு நீங்கள் அங்கே நிற்க, கேமரா இங்கே கிளிக் ஆக வேண்டும். ரிமோட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து என ஒளியை மட்டும் மாற்றி எடுங்கள். கேமரா அசையாததால் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசிக்கலாம். சாக்பீஸ், மாவு எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். ஊரார் வேடியப்பனாகக் கும்பிடும் கல் என்றால் கேட்டுவிட்டே கேமராவைத் திறங்கள்.

கேமராவைக் காட்டில் வைத்துவிட்டு, தூர நின்று யானையை ரிமோட்டில் எடுத்தால்?
– வாசகர், பென்னாகரம்

யானை உங்கள் ஸ்டாண்டை எடுக்கும், வனத்துறை உங்களை எடுக்கும். அங்கே இருப்பது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. ரிமோட் வாங்கட்டுமா, ஸ்டாண்டு வாங்கட்டுமா?
– வாசகர், மொரப்பூர்

ஸ்டாண்டு. அதுவும் காற்றுக்கு ஆடாத ஸ்டாண்டு. மிச்சம் இருந்தால் ரிமோட், இல்லாவிட்டால் 2 விநாடி டைமர். ஆடுகிற ஸ்டாண்டுக்கு எந்த ரிமோட்டும் வைத்தியம் பார்க்காது.