தபால் செலவு தனி

பழைய தொடர்கதைத் தொகுப்புகளை விற்கிறவர்களின் விலைப்பட்டியலில், அடியில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: “தபால் செலவு தனி.” ஒரு காலத்தில் அது வெறும் சம்பிரதாயம். வாங்குகிறவர்கள் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். இப்போது பேச்சே அந்த வரியில்தான் தொடங்குகிறது. பல நேரம் அங்கேயே முடிந்தும் விடுகிறது.

நான் சேர்ப்பதும் விற்பதும் பெரும்பாலும் பைண்டு வால்யூம்கள். வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பிரித்தெடுத்து, அத்தியாய வரிசையில் அடுக்கி, காலிகோ முதுகு வைத்து ஏதோ ஒரு வீட்டில் தைத்து வைத்தவை. 1950இல் தொடங்கி 1954 வரை ‘கல்கி’யில் வந்த பொன்னியின் செல்வன், மணியம் ஓவியங்களோடு. விகடனில் கோபுலு வரைந்த தில்லானா மோகனாம்பாள். குமுதத்தில் லதா வரைந்த கடல் புறா. கதை மட்டும் வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் புத்தகமாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் படங்களும், அத்தியாயம் முடிந்த பக்கத்தின் பின்புறம் அச்சாகியிருக்கும் அந்தக் காலத்து சோப்பு, டானிக், ரேடியோ விளம்பரங்களும் கிடைக்காது. யாரோ ஒரு பெண் முதல் பக்கத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதி, “படித்துவிட்டுத் திருப்பித் தரவும்” என்று கேட்டிருப்பாள். அதுவும் கிடைக்காது.

தொண்ணூறுகளில் முதலில் ஒரு போஸ்ட் கார்டு வரும். “தங்களிடம் கடல் புறா இரண்டாம் பாகம் இருப்பதாக நண்பர் சொன்னார்” என்று ஆரம்பிக்கும். விலை எழுதிப் பதில் கார்டு போடுவேன். பிறகு மணியார்டர். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன் கட்டித்தான் பணத்தை அனுப்ப முடியும். ஐந்நூறு ரூபாய் வால்யூமுக்கு 25 ரூபாய், பணம் வந்து சேருவதற்கே. ஆனால் பாரத்தின் அடித்துண்டில் செய்தி எழுத இடம் இருக்கும். “அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, படித்துக் காட்டப்போகிறேன், சீக்கிரம் அனுப்பவும்” என்று அதில் எழுதுவார்கள். அந்தத் துண்டுகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பணம் வந்ததும் கட்டுகிற வேலை. காக்கித் தாளில் சுற்றி, இரண்டு முனைகளையும் ஒட்டாமல் விட்டு, சணலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தலைப்பில் ‘புக் போஸ்ட்’ என்று எழுத வேண்டும். உள்ளே கடிதம் வைக்கக்கூடாது. தபால்காரர்கள் பிரித்துப் பார்க்க நினைத்தால் பார்க்கும்படி இருக்க வேண்டும். அந்தத் திறந்த முனைகளுக்குப் பதிலாக அரசு கொடுத்தது மலிவான கட்டணம். அச்சடித்த எழுத்து இந்த நாட்டில் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள் போட்ட ஏற்பாடு அது. தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவும் அந்தச் சணல் முடிச்சை நம்பித்தான் வாசகரைச் சேர்ந்தன.

இன்று பணம் நொடியில் வந்துவிடுகிறது. செலவு ஒரு பைசா கிடையாது. கைபேசி ஒரு தடவை அதிர்கிறது, அவ்வளவுதான். அன்று பணம் நகரச் செலவு, புத்தகம் நகரச் சல்லிசு. இன்று அது அப்படியே தலைகீழ்.

2024 டிசம்பர் 18 வரை, பதிவு நூல் அஞ்சலில் ஒரு கிலோவுக்கு 32 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 80 ரூபாய். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களும் ஒரே கட்டாக அந்த எண்பது ரூபாயில் அடங்கிவிடும். புதிய அஞ்சல் சட்டத்தோடு அந்தக் கட்டண வகையே நீங்கியது. அதே கட்டு பதிவுப் பார்சலில் 229 ரூபாய் ஆனது. ஒரு கிலோ 78 ரூபாய். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதைக் கொண்டுபோகும் கூலிக்கு 18 சதவீதம்.

பதிப்பாளர்களும் வாசகர்களும் குரல் கொடுத்த பிறகு, 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். புத்தகக் கடைக்காரர்களும் மாணவர்களும் மூச்சு விட்டார்கள். ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பருவ இதழாக இருக்கக்கூடாது. விளம்பரம் இருக்கக்கூடாது. அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். என் வால்யூம் மூன்றிலும் மாட்டிக்கொள்கிறது. அது பருவ இதழிலிருந்து பிறந்தது. பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம். தைத்தவர் ஒரு வீட்டு மனிதர், அவருக்கு ஏது பதிப்பகப் பெயர்? முன்பு விதி என்னவாக இருந்தாலும், காலிகோ கட்டிய கனத்த தொகுப்பைக் கவுண்டரில் புத்தகம் என்றே எடை போட்டார்கள்.

கட்டணம் ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் கடிதத்தின் விலை இருபது வருஷத்துக்கும் மேலாக ஐந்து ரூபாயிலேயே நிற்கிறது. ஸ்பீடு போஸ்ட் 2012 அக்டோபரில் ஏறியது, அடுத்து 2025 அக்டோபரில்தான். மலைக் கிராமத்துக்கும் ஆள் போக வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். தனியார் கூரியர் பெரிய ஊர்களுக்கு மலிவாகவே கொண்டுபோகிறது. ஆனால் கிராமத்து வாசகர் பஸ் ஏறி டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். தபால்காரர் வாசலுக்கு வருவார்.

எனக்கு இதில் வலிப்பது வேறு. மூவாயிரம் ரூபாய்க்கு முழு பொன்னியின் செல்வன் வாங்குகிறவரை 229 ரூபாய் தடுக்காது. முதல்முறையாக ஒரே ஒரு இதழ் வாங்க வருகிறவரைத்தான் தபால் செலவு தடுக்கிறது. அந்த ஒற்றை இதழில்தான் ஒவ்வொரு சேகரிப்பும் தொடங்குகிறது. பழைய புக் பாக்கெட் கட்டணத்தில் முதல் 50 கிராமுக்கு 4 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 50 கிராமுக்கும் 3 ரூபாய். நூறு கிராம் இதழ் ஏழு ரூபாயில் போய்விடும். பதிவுத் தபாலையும் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதே இதழ் திருச்சியிலிருந்து நாகர்கோவில் போக 63 ரூபாய், வரியோடு 74. இதழின் விலை 50.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி அண்மையில் அப்படி ஓர் இதழ் கேட்டாள். அவள் தாத்தாவின் சிறுகதை அதில் வந்திருக்கிறது; வீட்டில் பிரதி இல்லை. மொத்தம் 124 ரூபாய் என்றேன். சற்று நேரம் கழித்து, “சார், அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேட்டாள். அனுப்பினேன். பிறகு தபால் செலவை நானே போட்டு இதழையும் அனுப்பி வைத்தேன். எல்லோருக்கும் இப்படிச் செய்ய எனக்குக் கட்டாது.

ஞான் போஸ்ட் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஐம்பது ஆண்டு கடந்த பருவ இதழ்களும், அவற்றிலிருந்து தைத்த தொகுப்புகளும் செல்லும் என்று. அந்த விளம்பரங்களுக்கு இனி வியாபாரம் எதுவும் இல்லை. பல சோப்புகளின் கம்பெனியே இன்று கிடையாது. அந்த வரி வரும்வரை, ஒரே ஊர்க்காரர்கள் நாலைந்து பேரின் ஆர்டரைச் சேர்த்து ஒரே கட்டாக ஒருவர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். சென்னை புத்தகக் காட்சிக்குப் போகிற நண்பர்களிடம் சிலதைக் கொடுத்துவிடுகிறேன். ஊரில் தனியாகப் படிக்கிற ஒருவருக்கு இந்த இரண்டு வழியும் உதவாது. அவருக்காகத்தான் அந்த ஒரு வரியைக் கேட்டு அஞ்சல் துறைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.