தூக்குப் பாலத்துக்கு ஒரு முகூர்த்தம்

மருமகனே, சிகாகோவுல இருந்து நீ அனுப்பின மனுவைப் பேத்திப்புள்ள ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுச்சு. மொதத் தரம் எனக்காக. ரெண்டாந்தரம், உங்க அத்தை சிரிச்சு முடிச்சுட்டு 'இன்னொருக்கா படி'ன்னு கேட்டதுக்காக. நல்லாத்தான் எழுதியிருக்கே. 'பாய்மரப் படகு உரிமையாளர்களின் நெடுநாள் துயரம்'னு ஆரம்பிச்சிருக்கே பாரு, அந்த எடத்துல எனக்கே தொண்டையை அடைச்சிருச்சு. பாம்பன்ல பொறந்து, மீசை மொளைச்ச நாள்ல இருந்து உப்புத் தண்ணியில கெடந்தவன் நான். படகுக்காரன் துயரம்னா புயலு, கடன், டீசல் வெலைன்னு இத்தனை நாளும் தப்பா நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேன். புதன்கெழமை லீவு கிடைக்காததுதான் துயரம்னு இப்பத்தான் வெளங்குது.

நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு பாத்துக்க. பனிக்காலத்துல உன் படகு சிகாகோ ஆத்தோட தெக்குக் கிளையில ஒரு படகுப் பட்டறையில ஏறி உக்காந்துருக்கு. வெயில் வந்தா மிச்சிகன் ஏரிக்குப் போகணும். போற வழியில ஆத்துக்கு மேல வரிசையாத் தூக்குப் பாலங்க. பாலத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல 16, 17 அடிதான் எடவெளி. உன் பாய்மரம் நிமிந்து நின்னா 40 அடி. ஆக, பாலம்தான் வழி விடணும். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஏரிக்குப் போற படகுகளுக்கும், செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் திரும்பி வர்ற படகுகளுக்கும், புதன்லயும் சனியிலயும் தூக்கி விடுறாங்க. புதன்னா, ஆபீசு போற கூட்டம் ஓஞ்ச பொறகு. ஒரு கூட்டம் படகு சேந்து வரும். ஒரு பாலம் ஏறி எறங்கினா அடுத்த பாலம் ஏறும். பாலக்காரங்க வண்டியில முன்னால ஓடிப்போயி அடுத்த பாலத்துல ஏறிக்குவாங்க. இம்புட்டும் சரியா?

இது உனக்குப் போதலை. எல்லா நாளும் வேணும், சாயங்காலமும் வேணும், 'எப்போது கேட்டாலும்' வேணும். சரிப்பா. ஒரே ஒரு சந்தேகம். ஏரிக்குப் போனா உன் படகு அங்கனதானே கெடக்கும்? வெயில் காலம் முடிஞ்சுதானே திரும்பும்? அப்ப வருசத்துக்கு ரெண்டே ரெண்டு தரம்தான் நீ அந்தப் பாலங்களுக்கு அடியில போறே. ரெண்டு தரம் போறதுக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் கதவைத் தொறந்து வைக்கச் சொல்ற பெரிய மனசு நம்ம வம்சத்துல வேற யாருக்கும் வந்ததில்லை.

உன் மனுவுக்கு வலு சேக்க மாமா ஒரு யோசனை சொல்றேன், குறிச்சுக்க. பாலத்தையெல்லாம் எப்பவும் தூக்கியே வச்சிரச் சொல்லு. கார்க்காரன் வந்தா அவன் ஊதல் ஊதி, எறக்கச் சொல்லிக் கேக்கட்டும். வெல்ஸ் தெருப் பாலத்துலயும் லேக் தெருப் பாலத்துலயும் மேல்தட்டுல ரயில் ஓடுதாமே, அந்த ரயிலும் மொதல்லயே எழுதிக் கொடுத்துட்டு வரட்டும். பாலத்து மேல மாட்டிக்கிட்டவங்களுக்கு உங்க படகுக்காரங்க சங்கத்துல இருந்து ஆளுக்கொரு காப்பி. செலவைப் பாக்காதே, படகு வாங்கினவனுக்குக் காப்பி ஒரு காசா?

மொறைக்காதே. உன் பக்கம் ஞாயமே இல்லைன்னு நான் சொல்லலை. உங்க நாட்டுச் சட்டப்படி கப்பல் போற ஆறு மத்திய அரசாங்கத்துக் கைக்குள்ள இருக்கு. பாலம் நகராட்சியோடதா இருக்கலாம். அது எப்பத் தொறக்கணும்னு விதி எழுதுறது கடலோரக் காவல்படை. பொது விதி என்னன்னா, கூப்பிட்டாத் தொறக்கணும். ஒரு நீள ஊதல், ஒரு சின்ன ஊதல் குடுத்தா 'தொற'ன்னு அர்த்தம். பாலக்காரன் அதே மாதிரி திருப்பி ஊதினா 'சரி'. அஞ்சு சின்ன ஊதல் ஊதினா 'இப்ப முடியாது'. ஏதாவது ஒரு பாலத்துக்குத் தனி நேரம் வேணும்னாத்தான் தனி விதி போடணும். அதனால ஆத்துல வர்றவன் பிச்சை கேக்கலை, உரிமையைக் கேக்குறான். ஆனா அந்த அஞ்சு சின்ன ஊதல் இருக்கே, அது உன் காதுக்கு ஆகலை. நீ எழுதின ஏழு பக்கத்துக்கும் சாரம் அம்புட்டுத்தான்.

இந்தச் சண்டை உன் படகோட பொறந்ததுன்னு நெனைச்சுக்காதே. 1863-ல உங்க ஊரு ரஷ் தெருப் பாலத்துல ஒரு மாட்டு மந்தை ஏறிக்கிட்டு இருக்கும்போதே பாலத்தைத் திருப்பிட்டாங்க. அப்பல்லாம் மேல தூக்குற பாலம் கெடையாது, பக்கவாட்டுல திரும்புற பாலம். மெரண்ட மாடுக ஒரு பக்கமாச் சாய, பாலம் ஒடிஞ்சு மாடும் மரமுமா ஆத்துல விழுந்துச்சு. பாலம் எப்பத் திரும்பும்னு மாட்டுக்கும் தெரியாது, மாட்டுக்காரனுக்கும் தெரியாது. இப்ப கார்க்காரனை அதே நெலமையில நிறுத்தணும்னு நீ மனு போடுறே.

அதுக்குப் பொறகு நகராட்சி ஒரு சட்டம் போட்டுச்சு. ஞாயிறு நீங்கலா, காலையில 6 மணியில இருந்து 7 வரைக்கும், சாயங்காலம் 5.30-ல இருந்து 6.30 வரைக்கும் எந்தப் பாலமும் தொறக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போறவன் வர்றவன் நேரம் அது. மத்தப் பகல் நேரத்துல தொறந்தா பத்து நிமிசத்துக்கு மேல தொறந்து வைக்கக் கூடாது. மூடினாலும் பத்து நிமிசம் சனங்களை விடணும். எஸ்கனாபாங்குற ஊர்ல இருந்து இரும்புத்தாது ஏத்தி வந்த ஒரு கப்பல் கம்பெனி அதை எதுத்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1883-ல தீர்ப்பு: நகராட்சி செஞ்சது செல்லும். அந்த ஒரு மணி நேரத்தால கப்பலுக்குப் பெருசா ஒண்ணும் கொறைஞ்சிராது, நடந்து போற சனத்துக்கு அது பெரிய ஒத்தாசைன்னு சொல்லிட்டாங்க. வயித்துப்பாட்டுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டு வந்த கப்பலுக்கே இதுதான் பதில். நீ ஏத்திக்கிட்டுப் போறது என்ன சரக்குன்னு பேத்திகிட்டக் கேட்டேன். ஐஸ் பெட்டியாம்.

'சியாட்டில்ல மட்டும் கேட்டவுடனே தொறக்குறாங்களே'ன்னு மூணாம் பக்கத்துல கேட்டுருக்கே. ஞாயமான கேள்வி. 1917-ல கட்டின ஃப்ரீமாண்ட் பாலம் தண்ணிக்கு மேல 30 அடிதான். ஒரு நாளைக்குச் சராசரியா 35 தரம் ஏறி எறங்குது. ஆனா வேலை நாள்ல காலை 7-ல இருந்து 9 வரைக்கும், சாயங்காலம் 4-ல இருந்து 6 வரைக்கும் உன்னை மாதிரிச் சின்னப் படகுக்கு அதுவும் வாயைத் தொறக்காது. அந்தச் சேதியை மட்டும் உன் மூணாம் பக்கம் முழுங்கிருச்சு. உங்க ஊர்ல ஒரு பாலமா? வரிசையா இருபதுக்கு மேல. ஒத்தைப் படகு ஒண்ணு நெனைச்ச நேரத்துல கெளம்பினா அத்தனை பாலமும் அதுக்காக ஒண்ணொண்ணா ஏறி எறங்கணும், நடு ஊரு நின்னு நின்னு போகணும்.

தூக்குறது கஷ்டம்னு நான் சொல்லலை. பாலத்தோட வால் பக்கத்துல பெரிய எடையைக் கட்டித் தொங்க விட்டுருக்காங்க, நம்ம ஊரு கெணத்து ஏத்தம் மாதிரி. எடைக்கு எடை சரியா நிக்கிறதால அம்மாம் பெரிய இரும்புக்குச் சின்ன மோட்டாரே போதும். சிகாகோ 1902-ல இருந்து இந்த வகைப் பாலத்தைக் கட்டிப் பேரு வாங்கின ஊரு. கஷ்டமெல்லாம் பாலத்துக்கு மேல நிக்கிறவனைச் சமாதானப்படுத்துறதுலதான்.

அந்த மேல நிக்கிறவனையும் நான் சும்மா விடப் போறதில்லை. பத்து நிமிசம் பாலம் ஏறினா நாடே கவுந்த மாதிரி ஆரனை அமுக்குறான். அதே ஆளு வண்டியை விட்டு எறங்கி, ஏறின பாலத்தைச் செல்போன்ல படம் புடிச்சு ஊருல இருக்குற அம்மாவுக்கு அனுப்புவான், 'எங்க ஊரு அழகைப் பாரு'ன்னு. ஆறு இல்லாட்டி அங்க ஊரே வந்துருக்காது. மரமும் தானியமும் ஏத்தி வந்த கப்பலால வளந்த ஊரு. இன்னைக்குக் கப்பல் கொறைஞ்சு போச்சு, அதனால ஆத்தையே ஒரு தொந்தரவா நெனைக்கிறான். 1990-கள்ல தொறக்குற நேரத்தைக் கொறைக்கப் பாத்தப்ப படகுப் பட்டறைக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. போனதுல தப்பில்லை. கேக்க ஆளில்லாட்டி கார்க்காரன் பாலத்தைப் பத்த வச்சே ஒட்டிருவான்.

இப்ப மாமா ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது. மூணு வருசத்துக்கு முன்ன, படகு வாங்குறதுக்கு முந்தி, 'வேலை நாட்களில் உல்லாசப் படகுகளுக்காகப் பாலம் தூக்குவதை நிறுத்துக'ன்னு ஒரு மனு சுத்தி வந்துச்சே, அதுல யாரு மொதக் கையெழுத்து? உங்க ஆத்தா எங்கிட்டப் பெருமையாச் சொன்னா: 'அண்ணே, எம்மவன் அமெரிக்காவுல போராட்டம் பண்றான்'னு. அன்னைக்கு நீ பஸ்ஸுக்குள்ள உக்காந்து படகுக்காரனைத் திட்டினே. இன்னைக்குப் படகுல உக்காந்து பஸ்ஸைத் திட்டுறே. மனுவை வாங்குற அதிகாரிங்க ரெண்டையும் ஒரே மேசையில வச்சுப் பாத்தா, கட்சிக்காரன் ஒருத்தனேன்னு பஞ்சாயத்தை முடிச்சு வச்சிருவாங்க.

லண்டன் டவர் பாலத்துச் சங்கதி தெரியுமா? அங்க ஆத்துல வர்றவனுக்குத்தான் முன்னுரிமை, காசும் கெடையாது. 24 மணி நேரத்துக்கு முன்ன எழுதிக் கொடுத்தாப் போதும். 1997 மே மாசம் உங்க நாட்டு ஜனாதிபதி கிளின்டன், அந்த நாட்டுப் பிரதமர் டோனி பிளேரோட சாப்புட்டு முடிச்சுட்டுப் பாலத்து வழியா வந்தாரு. அதே நேரத்துல 'கிளாடிஸ்'னு ஒரு பழைய பாய்மரப் படகு, மொறையா எழுதிக் கொடுத்துட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து நின்னுச்சு. பாலம் ஏறிருச்சு. ஜனாதிபதி வண்டிங்க கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். காவலுக்கு வந்தவங்க தலையில கை. அந்தப் படகுக்காரன் ஒண்ணும் ஜனாதிபதியை விடப் பெரிய ஆளில்லை. அவன் கையில ஒரு நேரம் இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

நம்ம பாம்பன்லயும் அதே கதைதான். 1914-ல இருந்து நின்ன பழைய தூக்குப் பாலத்தை ஆளுங்க கையால சுத்தித்தான் தொறப்பாங்க. கப்பல்காரன் துறைமுக ஆபீசுல எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, ரயில் இல்லாத நேரம் பாத்துக் காத்துக் கெடப்பான். தொறக்குற அன்னைக்கு ஒரு பெரிய கப்பல் போச்சுன்னா பின்னாலயே எங்க விசைப்படகெல்லாம் வரிசையாப் போகும். ரோட்டுப் பாலத்துல பஸ்ஸை நிறுத்திச் சனம் வேடிக்கை பாக்கும். 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்துருச்சு. 72.5 மீட்டர் நடுத்துண்டு அப்படியே செங்குத்தா மேல போகுது, கையால சுத்துற வேலை இல்லை. சுத்துறது மாறிப் போச்சு, காத்துக் கெடக்குறது மாறலை. காத்துக் கெடந்ததுக்கு எங்களுக்கு வருத்தமே கெடையாது. எப்பத் தொறப்பான்னு தெரியாம காத்துக் கெடந்த நாள்லதான் வஞ்சிருக்கோம்.

உனக்கு நான் சொல்றதும் அதுதான். பாலத்து விசயத்துல எல்லாருக்கும் தோதான நேரம்னு ஒண்ணு கெடையாது. எல்லாருக்கும் தெரிஞ்ச நேரம்னு ஒண்ணு வைக்கலாம். தெரிஞ்சு போனா கார்க்காரன் சுத்தி வேற வழி போவான், பஸ்காரன் அஞ்சு நிமிசம் முன்ன கெளம்புவான், உன் கூட்டாளி ஐஸை நேரத்துக்கு வாங்குவான். அதனால மனுவை இப்படித் திருத்து.

எல்லா நாளும் கேக்காதே. ஞாயித்துக்கெழமை காலையில ஒரு நேரம் கூடுதலாக் கேளு. அன்னைக்கு ஆபீசு இல்லை, ஊரு எந்திரிக்கவே மணி ஒம்பதாகும். இத்தனை படகு சேந்தாத்தான் வருவோம்னு நீங்களே வாய் தொறந்து சொல்லுங்க. ஒத்தைப் படகுக்கு ஊரை நிறுத்த மாட்டோம்னு சொல்ற சங்கத்துக்குத் தனி மரியாதை உண்டு. மடக்குற ஏரியலு, கழட்டுற கம்பு எல்லாத்தையும் மடக்கிட்டு வரணும்னு உங்க ஆளுங்களுக்குச் சொல்லு. தேவையில்லாமப் பாலத்தைத் தூக்கச் சொன்னா அபராதம்னு உங்க விதியிலயே இருக்கு. ஒரு மீன் தூண்டிக் கம்பைச் சாய்க்கச் சோம்பல் பட்டுப் பாலத்தைச் சாய்க்கச் சொல்றவன் எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருப்பான். உங்க சங்கத்துல அவன் பொருளாளரா இருக்கான்னு கேள்விப்பட்டேன்.

அப்புறம், எடுத்த எடுப்புல நிரந்தர விதி கேக்காதே. 180 நாள் வரைக்கும் சோதனையா நேரத்தை மாத்திப் பாக்க வழி இருக்கு. மாத்திப் பாத்து, எத்தனை படகு போச்சு, எத்தனை வண்டி நின்னுச்சுன்னு எண்ணி, சனங்ககிட்ட அபிப்பிராயம் கேட்டு, அதுக்குப் பொறகு எழுதுறதுதான் மொறை. எண்ணுற வேலையை நீயே ஏத்துக்க. ஒரு புதன்கெழமை படகுல ஏறாம மிச்சிகன் அவென்யூ பாலத்து மேல வண்டியில உக்காந்து எண்ணு. பழைய மனுவுல போட்ட கையெழுத்துக்கும் ஒரு மரியாதை செஞ்ச மாதிரி இருக்கும்.

இம்புட்டும் செஞ்சு, 'எப்போது கேட்டாலும்'ங்குறதை அடிச்சிட்டு 'இன்ன நாள், இன்ன மணி'ன்னு எழுதினியானா நிச்சயம் ஜெயிப்பே. எனக்கு இருக்குற கவலை அதுக்குப் பொறகுதான். காலையில பத்து மணிக்குப் பாலம் ஏறும்னா பத்து மணிக்கு உன் படகு பாலத்தடியில நிக்கணும். தாலியையே ராகு காலத்துல கட்டினவன் நீ. முகூர்த்தம் தப்பினதுக்கு டிராபிக்கைக் காட்டினே. அன்னைக்குப் பாம்பன் ரோட்டுல ஒரு ஆட்டோதான் ஓடுச்சு, அதுலயும் நீதான் உக்காந்து வந்தே.