முழங்கை இடிக்காமல் குளிப்பது எப்படி?

(அமெரிக்க வாசகர்கள் காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் குளியலறைப் புலம்பல்.)

கேள்வி: எங்கள் டிரெய்லரில் ஷவர் இடம் 24 அங்குலத்துக்கு 36 அங்குலம். நான் 6 அடி 2 அங்குலம். தலை கூரையில் இடிக்கிறது. – 'வீங்கிய தலையன்', டெக்சாஸ்

உங்களைக் குறைப்பதைவிடக் கூரையை உயர்த்துவது சுலபம். ஷவருக்கு நேர் மேலே வெட்டி, மேல்நோக்கி உப்பிய பிளாஸ்டிக் ஸ்கைலைட் மாட்டினால் சில அங்குலம் கிடைக்கும். கிண்டலில்லை, பல வண்டிகளில் கம்பெனியே மாட்டித் தருகிறது. ரம்பத்தை எடுக்குமுன் கூரைச் சட்டமும் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப், மேலே தானாகப் பரவும் கூரை சீலண்ட். வீட்டில் மிச்சமிருக்கும் சிலிக்கான் டியூபோடு ஏறாதீர்கள். ரப்பர் கூரையில் அது ஒட்டி நிற்காது. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் மெல்லிய பிளைவுட் சத்தமில்லாமல் ஊறிப்போகும்.

கேள்வி: சுவருக்கு டைல்ஸ் ஒட்டலாமா? – நியூ ஜெர்சி

ஒட்டலாம், வீட்டில்.

கேள்வி: ஷவரைத் திறந்ததும் திரை வந்து காலில் ஒட்டிக்கொள்கிறதே, ஏன்? – 'திரைமறைவு', ஓஹியோ

ஆஹா, இதற்காகத்தானே காத்திருந்தேன்! மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் ஷ்மிட் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஷவர் தாரை காற்றைச் சுழற்றுகிறது, சுழலின் நடுவே அழுத்தம் குறைகிறது, திரை உள்ளே இழுபடுகிறது. இதற்கு 2001-இல் இயற்பியலுக்கான இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள், அதுவும் 'ஓரளவு' விளக்கியதற்காக! மீதியை நீங்கள் விளக்கினால் உங்களுக்கும் ஒன்று கிடைக்கலாம்.

அதுவரை, நேர்க் கம்பியைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கம் வளைந்த கம்பியை மாட்டுங்கள். திரை தள்ளிப்போகும், முழங்கைக்கும் இடம் கிடைக்கும். அடி முனை மட்டும் தொட்டிக்குள்ளேயே தொங்கட்டும். காந்தம் தைத்த திரையை வாங்கி ஏமாறாதீர்கள், உங்கள் தொட்டி பிளாஸ்டிக்.

கேள்வி: சோப்புப் போட்டு முடிப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடுகிறது. பெரிய ஹீட்டர் வைக்கலாமா? – கலிபோர்னியா

கணக்குப் போடுவோம். டிரெய்லர் ஹீட்டர் பெரும்பாலும் 6 கேலன், அதாவது சுமார் 22.7 லிட்டர். நம் ஊர் வாளி ஒன்று, கொஞ்சம் தளும்பத் தளும்ப. அமெரிக்க மத்தியச் சட்டப்படி ஷவர் தலை நிமிஷத்துக்கு 2.5 கேலன் வரை கொட்டலாம். பச்சைத் தண்ணீர் கலந்தாலும் எத்தனை நிமிஷம் வரும்? ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தலைக்கு மேல் அருவியை மாட்டிய இன்ஜினியர் வாளியும் சொம்புமாகக் குளித்து வளர்ந்தவராக இருக்க முடியாது. இந்தப் பகுதியில் நான் பல வருஷமாகக் கத்துவது இதைத்தான்: சொம்புக்கு ஈடு கிடையாது!

பெரிய ஹீட்டர் வைத்தால் அடுத்து கழிவுநீர்த் தொட்டி நிரம்பும். கப்பற்படைக்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: நனை, மூடு, தேய், திற. கைப்பிடியிலேயே நிறுத்தும் பொத்தான் உள்ள கை ஷவர் வாங்குங்கள்.

கேள்வி: டாய்லெட்டை எடுத்துவிட்டு ஷவரைப் பெரிதாக்கலாமா? – புளோரிடா

இதே கேள்வியை ராத்திரி 2 மணிக்கு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிரெய்லரில் குளிப்பது கௌரவக் குறைச்சல் என்கிறார் மாமனார். – சிகாகோ

1969-இல் நிலாவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் தனிமைப்படுத்தி அடைத்துவைத்தது ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றிச் செய்த அறையில்தான். அதிபர் நிக்சனே ஜன்னல் வழியாகத்தான் பேசினார். மாமனார் எந்தக் கிரகத்திலிருந்து வருகிறார்?

கேள்வி: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். 74 வயது, முழங்கால் வலி. ஷவர் தொட்டி சக்கரத்துக்கு மேலே உயரமாக இருப்பதால் ஏற முடியவில்லை. கைப்பிடி மாட்டினால் போதுமா? – ஜார்ஜியா

போதாது. அந்தச் சுவர் விரல் கனம்கூட இல்லாத பலகை. வெறும் பலகையில் திருகிய கைப்பிடி அம்மா சாயும் நேரத்தில் பிய்ந்து கையோடு வரும். இல்லாததைவிட அது ஆபத்து. உள்ளே சட்டம் ஓடும் இடத்தில் திருக வேண்டும், அல்லது பின்னால் தடித்த பிளைவுட் கொடுத்து மாட்ட வேண்டும். வெளியே வழுக்காத, ஆடாத ஒரு படி, உள்ளே ரப்பர் கால் வைத்த ஸ்டூல், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் கை ஷவர். ஹீட்டர் தண்ணீர் தோலைச் சுடும் அளவு கொதிக்கும், வயதானவர் தோல் சீக்கிரம் கொப்பளிக்கும். முதலில் நீங்கள் கையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பல கேம்ப்கிரவுண்ட் குளியலறைகளில் படியே இல்லாமல், இருக்கையும் கைப்பிடியுமாக ஓர் அறை இருக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கூடவே போய்க் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.

கேள்வி: வண்டியின் வெளிப்பக்கம் சின்னக் கதவுக்குள் ஒரு ஷவர் இருக்கிறதே, எதற்கு? – அரிசோனா

நாய்க்கும் சேற்றுக்காலுக்கும் என்பார்கள். எனக்கென்னவோ வண்டியிலேயே விசாலமான குளியலறை அதுதான், எந்தப் பக்கமும் இடிக்காது. ஆனால் சோப்புத் தண்ணீரைத் தரையில் விடப் பல இடங்களில் தடை உண்டு. விதிப் பலகையைப் படித்துவிட்டு லுங்கியைக் கட்டுங்கள்.