தோன்றா எழுவாய்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காரின் வைப்பருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தவிரவும், தெருக்காரர்கள் ஒற்றுமையாகக் கூடித் தெருவை மேம்படுத்த மூன்று வழிகள் எழுதித் தருவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலில் அந்த மூன்றையும் முடித்துவிடுகிறேன்.

எங்கள் தெரு மடிப்பாக்கத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவில் இருக்கிறது. நலச் சங்கம் உண்டு. கூட்டம் எப்போதும் செயலாளர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். சென்ற மாதக் கூட்டத்துக்கு 64 வீடுகளிலிருந்து 11 பேர் வந்திருந்தோம். கோரம் இல்லை. உங்களுக்குத் தெரியாததா? கோரம் இல்லையென்றால் அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, அதே இடத்தில் அதே 11 பேரோடு நடத்தினால் செல்லும். அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வது என்றுதான் எந்த விதியிலும் எழுதவில்லை. தெருவாசிகளை ஒருவரோடொருவர் நெருங்கிப் பழக வைப்பது எப்படி என்று பேச வந்த 11 பேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொட்டி நிரம்பி வழிந்தது.

"யாராவது மோட்டாரை நிறுத்தலாம்" என்றார் ஒருவர். தண்ணீர் இன்னொரு பத்து நிமிடம் வழிந்தது.

இந்த 'லாம்' இருக்கிறதே, இதை வைத்துத்தான் எங்கள் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மரம் நடலாம். நட்ட மரத்துக்குக் கூண்டு வைக்கலாம். கூண்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கலாம். பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கலாம். வயதானவர்களுக்கு மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நூலகம் ஆரம்பிக்கலாம். வடிகாலைத் தூர்வாரச் சொல்லி மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கொடுக்கப்போகும் மனுவுக்கு நினைவூட்டல் கடிதமும் இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். எல்லாம் 192 பக்க நோட்டில் தீர்மானம் தீர்மானமாக எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று. இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு.

லாமில் ஜாதிகள் உண்டு. வெறும் 'செய்யலாம்' சாது. 'செய்யலாமே' என்றால் இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்ற குத்தல். 'செய்யலாம்தான், ஆனா' என்பது செய்யக் கூடாது என்பதன் மரியாதையான வடிவம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு லாம் போதாது; 'ஆவன செய்யப்பட வேண்டும்' என்பார்கள். ஆவன என்றால் எவை என்று அவர்களில் ஒருவரிடம் நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. 'ஒரு சின்ன யோசனை' என்று ஆரம்பித்தால் குறைந்தபட்சச் செலவு இரண்டு லட்சம்.

22ஆம் நம்பர் வீட்டில் ஓய்வு பெற்ற தமிழய்யா இருக்கிறார். அவரிடம் கேட்டேன்: "ஐயா, 'மரம் நடலாம்' என்கிறார்களே, நடுவது யார்?"

"தோன்றா எழுவாய்" என்றார். "'வந்தாயா?' என்று கேட்டால் 'நீ' வெளியே தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும்."

"இங்கே உள்ளே இருப்பது?"

"நாம். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. பேசுகிறவனும் கேட்கிறவனும் சேர்ந்தது."

கேட்கிறவனை வெளியே தள்ளினால் 'நாங்கள்', அவனையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. தமிழில் இருப்பது இந்த இரண்டுதான். எங்கள் சங்கம் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது: பேசுகிறவன் மட்டும் நைசாக நழுவிவிடுகிற 'நாம்'. இதை ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம்" என்றார். நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தப்பித்தவறி லாம் போடாமல் பேசிவிட்டால் தொலைந்தோம். அல்லது லாம் சொல்லும்போது செயலாளர் கண்ணைப் பார்த்துவிட்டாலும் தொலைந்தோம். "அருமையான யோசனை சார். நீங்களே எடுத்துப் பண்ணிடுங்க." அதனால் அனுபவசாலிகள் லாம் சொல்லும்போது தரையைப் பார்ப்பார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கிரகம் சரியில்லை.

"தெருமுனைப் புங்க மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் போடலாம்" என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டாமா என்ற நப்பாசைதான். 2003இல் அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடியில், நான் வீடு கட்டியபோது வாசலில் திண்ணை வேண்டும் என்று மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "திண்ணை வச்சா கார் எங்க சார் நிக்கும்?" என்றார். அப்போது என்னிடம் கார் கிடையாது. வராத காருக்கு இடம் விட்டு, திண்ணையைத் தியாகம் செய்தேன். மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியதும் அதே வருடம்தான். ஜல்லியும் மணலும் கொட்டி முறையாகக் குழி எடுத்தேன். 'மழைநீர்க் குழிகளை அனைவரும் தூர்வாரலாம்' என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நானே. என் குழிக்கு மேல் இப்போது டைல்ஸ் ஓடுகிறது. டைல்ஸுக்கு மேல் வாஷிங் மெஷின் ஓடுகிறது. அதை விடுங்கள்.

பெஞ்சுக்கு வந்த ஆட்சேபங்களைக் கேளுங்கள். 14ஆம் நம்பர்: நாய் படுக்கும். 31: சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் உட்காருவார்கள். 9: காதலர்கள். 40: குடிகாரர்கள். டீச்சரம்மா: "காதலர்கள் பரவாயில்லை, சும்மா வெட்டியா நாலு பேர் உட்கார்ந்து பேசுவாங்களே, அதான்." ஆக, பெஞ்சின் மேல் யாருக்கும் விரோதம் இல்லை; அதில் எவராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்பதுதான் பயம். சுற்றிலும் கிரில் அடித்துப் பூட்டலாம் என்றார் பொருளாளர். சாவி செயலாளரிடம் இருக்கலாம். ஏகமனதாக நிறைவேறியது.

பொருளாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரையும் அழைத்துப்போய் வெயிலில் நிறுத்துவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தது; 919லும் 921லும் வெட்டியது. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் அதிகம். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். நிலமுள்ள சில ஆண்களுக்குள் நடந்த தேர்தல்தான், ரொம்பப் புல்லரிக்க வேண்டாம். ஆனால் அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவன் அப்பா, பிள்ளை, மாமனார், மச்சினன், மருமகன், பெரியம்மா சித்தி பிள்ளைகள் வரைக்கும் நிற்க முடியாது. எங்கள் பொருளாளருக்கு எங்கள் தெருவிலேயே சம்பந்தி, மச்சினன், தம்பி என்று ஏழு வீடு. இதைக் கூட்டத்தில் சொன்னேன். "கல்வெட்டு மாதிரி நாமும் ஒண்ணு வைக்கலாமே" என்றார் பொருளாளர். 'சங்க நிர்வாகிகள்' என்று கருப்புக் கிரானைட்டில் வைத்தும்விட்டார்கள். சங்கம் லாமோடு நிறுத்தாமல் செய்துமுடித்த ஒரே காரியம் அதுதான்.

இப்படி எரிச்சலோடு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரம் எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் கீழ் வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் மாடியில் மூன்று நாள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேரின் பெயர் எனக்கு அதற்கு முன் தெரியாது. 31ஆம் நம்பர் வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்ததில் ஒரு காலைப் பிடித்தவன் நான். நாற்காலிக் காலைச் சொல்கிறேன். அந்த மூன்று நாளும் யாரும் லாம் சொன்னதாக ஞாபகமில்லை. 'பிடி', 'தூக்கு', 'ஏறு', 'அந்தக் குழந்தையைக் கொடு' என்று எல்லாமே ஏவல் வினைமுற்று. தண்ணீர் வடிந்தது, கரண்ட் வந்தது, 'இந்த ஒற்றுமை இப்படியே தொடர ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம்' என்று யாரோ சொன்னார்கள். ஜனவரியில் ஆரம்பித்தோம். பாட்டி வீட்டு வாசலைத் தினமும் கடக்கிறேன். உள்ளே போய் எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பெஞ்சுக்கு வருகிறேன். 'செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம்' என்ற உறுதிமொழியை நம்பி நானே போய் வாங்கினேன். இரண்டு சிமென்ட் கால், மேலே ஒரு பலகை. குட்டி யானையில் வந்து இறங்கியது. புங்க மரத்தடி கூடாது என்று அந்த மரத்துக்கு எதிர்வீட்டுக்காரர் நின்றார். டிரான்ஸ்பார்மர் பக்கம் ஆபத்து. பிள்ளையார் கோயில் பக்கம் செருப்போடு உட்காருவார்கள். பெஞ்ச் மிக அவசியம் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அது அவரவர் வீட்டைத் தவிர எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வண்டிக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்க ஆரம்பித்ததும், "தற்காலிகமா உங்க வீட்டுல வச்சுக்கலாமே சார்" என்றார் செயலாளர். காரை எடுத்துத் தெருவில் விட்டுவிட்டு, கார் நின்ற இடத்தில் பெஞ்சை இறக்கினேன். அன்றைக்கு அதைத் தூக்க உதவியது வண்டிக்காரரும் அவர் கிளீனரும்.

துண்டுச் சீட்டு அதற்கு அடுத்த வாரம் வந்தது. சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. 'பொதுமக்கள் நலன் கருதி, தெருவில் கார் நிறுத்துவதைத் தவிர்க்கலாம்.' தெருவில் நின்றது ஒரே ஒரு கார்தான். எழுவாய் தோன்றவில்லை என்றாலும் யாரென்று புரிந்தது.

காரை உள்ளே விடலாம் என்று கேட்டைத் திறந்தேன். பெஞ்சின் மேல் தெரு நாய் நீட்டிப் படுத்திருந்தது. கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்திருக்க வேண்டும். 14ஆம் நம்பர்க்காரர் அன்றைக்கே சொன்னார்.

"கொஞ்சம் நகரலாமே" என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.